ஜிபேட்: அட்டவணையை மூடிவிட்டுக் கோடு வரையுங்கள்

ஜிபேட், அதாவது எம்.ஃபார்ம் (மருந்தியல் முதுகலை) சேர்வதற்கான அகில இந்திய நுழைவுத் தேர்வின் முடிவு வந்து நான்கு நாள் ஆகிறது. இந்த முறை தகுதி பெற்றுவிட்டேன். மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை இல்லாமல் எம்.ஃபார்ம் சேர எங்கள் வீட்டில் வழியில்லை. அதனால் அம்மா நேற்று அல்சூர் சோமேஸ்வரர் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டுத்தான் என்னிடம் பேசவே உட்கார்ந்தார்.

போன முறை கொஞ்சத்தில் தவறியது. அந்தக் கொஞ்சம் எங்கே போனது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அட்ரினெர்ஜிக் பகுதியில், அதாவது அட்ரினலின், நார்அட்ரினலின் வழியாக வேலை செய்யும் மருந்துகளின் பாடத்தில் மட்டும் நான்கு தப்பு. வர வேண்டிய 16 வரவில்லை, மேற்கொண்டு 4 கழிந்தது, ஆக 20. படிக்காத பாடத்தில் போயிருந்தால் மனசு ஆறியிருக்கும். இது நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கக்கூடிய பாடம். கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. எந்த மாதிரி தப்பு என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் படித்தது ஒரு அட்டவணை. போன பயிற்சி வகுப்பில் இரண்டு பக்கத் தாளாகக் கொடுத்தார்கள். இடப்பக்கம் மருந்து, வலப்பக்கம் ரிசெப்டார் (மருந்து போய் ஒட்டி வேலையைத் தொடங்கும் செல்லின் புரதம்). நார்அட்ரினலினுக்கு நேராக ஆல்ஃபா-1, ஆல்ஃபா-2, பீட்டா-1. பீட்டா-1 எங்கே இருக்கிறது? இதயத்தில். அப்படியானால் நாடித்துடிப்பு ஏறும். அட்டவணையை மட்டும் வைத்து யோசித்தால் இப்படித்தான் வரும், எனக்கும் அப்படித்தான் வந்தது.

உடம்பில் நடப்பது வேறு. ஆல்ஃபா-1 வழியாக ரத்த நாளங்கள் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது. ஏறியதைக் கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இருக்கிற பாரோரிசெப்டார்கள் (அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள்) மூளைக்குச் சொல்கின்றன. வேகஸ் நரம்பு இதயத்தைப் பிடித்து இழுக்கிறது. நாடி குறைகிறது. முதலில் அட்ரோபின் கொடுத்து வேகஸை அடைத்துவிட்டு அதே நார்அட்ரினலினைக் கொடுத்தால், அதுவரை மறைந்திருந்த பீட்டா-1 வெளியே வந்து நாடி ஏறும். மருந்து செய்வது ஒன்று, அதற்கு உடம்பு திருப்பிச் செய்வது இன்னொன்று. கேள்வி கேட்கிறவர்கள் இரண்டாவதைத்தான் கேட்கிறார்கள். அட்டவணையில் இரண்டாவதற்கு இடமே இல்லை.

இந்த வருஷம் நான் செய்த ஒரே பெரிய மாற்றம், கோடு வரைந்தது. மாமாவின் மெடிக்கல் ஷாப்பில் சாயங்காலம் உட்காருவேன். பழைய பில் தாள்களின் பின்பக்கத்தில் மேலே ரத்த அழுத்தம், கீழே நாடி, இவ்வளவுதான். கல்லூரி லேபில் கணினியில் காட்டிய நாயின் ரத்த அழுத்தப் பரிசோதனையை நினைவிலிருந்து வரைய ஆரம்பித்தேன். எல்லாரும் ரெக்கார்டு நோட்டில் அதைப் பார்த்து எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். தயவுசெய்து அதை எடுத்துப் பாருங்கள்.

வரைய வேண்டியவை நான்கு:

நார்அட்ரினலின்: மேல் அழுத்தம், கீழ் அழுத்தம் இரண்டும் ஏறும், நாடி இறங்கும்.
அட்ரினலின், மெதுவாகச் செலுத்தும்போது: மேல் அழுத்தம் ஏறும், கீழ் அழுத்தம் சற்று இறங்கும், நாடி ஏறும்.
ஐசோபிரனலின் (பீட்டாவில் மட்டும் வேலை செய்யும் செயற்கை மருந்து): கீழ் அழுத்தம் நன்றாக இறங்கும், நாடி பாயும்.
ஆல்ஃபா பிளாக்கருக்கு (ஆல்ஃபா ரிசெப்டாரை அடைக்கும் மருந்து) பிறகு அட்ரினலின்: ஏற வேண்டியது இறங்கும்.

நான்காவதுதான் ஆங்கிலேய மருந்தியலாளர் ஹென்றி டேல் 1906-இல் எர்காட்டை (தானியக் கதிரில் வளரும் பூஞ்சை) வைத்துக் கண்டது. ஆல்ஃபாவை அடைத்தால் அட்ரினலினுக்கு மிஞ்சுவது பீட்டா-2, அது நாளங்களை விரிக்கிறது. நார்அட்ரினலினுக்கு பீட்டா-2 பலம் மிகக் குறைவு. அதனால் அங்கே ஏற்றம் அடங்கும், தலைகீழாகத் திரும்பாது. இந்த வித்தியாசத்தை நான் ஐம்பது முறையாவது வரைந்திருப்பேன்.

இதையே இன்னொரு படி கொண்டுபோங்கள். பீட்டா பிளாக்கரான புரோபிரனலால் கொடுத்துவிட்டு அட்ரினலின் கொடுத்தால் என்ன வரும்? விரிக்கிற பீட்டா-2 போய்விட்டது, சுருக்குகிற ஆல்ஃபா மட்டும் நிற்கிறது. அழுத்தம் எகிறும், நாடி இறங்கும். ஃபியோகுரோமோசைட்டோமாவில் (அட்ரினலின், நார்அட்ரினலினைக் கொட்டும் கட்டி) ஏன் ஆல்ஃபா பிளாக்கர் முதலில், பீட்டா பிளாக்கர் பிறகு என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம். "ஆல்ஃபா முதலில்" என்று மனப்பாடம் செய்து பதற்றத்தில் மாற்றிப் போட்டவள் நான். வரைந்தால் மாறாது.

அப்புறம் கடை. எனக்கு அமைதியான அறை ஒத்துவராது. பெங்களூர் தமிழ்ச் சங்க நூலகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன், தூக்கம்தான் வந்தது. சத்தம், ஆட்கள், கேள்விகள் இருந்தால்தான் எனக்குத் தலையில் ஏறும். உங்களுக்கு எப்படியோ தெரியாது. ஆனால் பி.ஃபார்ம் முடித்தவர்கள் எல்லாரும் இரண்டு மாதமாவது மருந்துக் கடையில் நிற்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஒரு நாள் வயதானவர் ஒருவர் வந்து டாம்சுலோசின் ஸ்டிரிப்பை நீட்டி, "எத்தரெ தலெ சுத்துத்தெ" என்று கன்னடத்தில் சொன்னார், எழுந்தால் தலை சுற்றுகிறதாம். அவர் போனதும் மாமா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, மூத்திரத்துக்குக் குடுக்கற மாத்திரைக்குத் தலை ஏன் சுத்தணும்? உன் புஸ்தகத்துல இருக்கா?"

இருந்தது, ஆனால் எனக்கு அது இரண்டு தனித்தனி வரிகளாக இருந்தது. எழுந்து நிற்கும்போது கால்நாளங்கள் சுருங்கினால்தான் ரத்தம் மேலே நிற்கும், அந்தச் சுருக்கம் ஆல்ஃபா-1 வேலை. டாம்சுலோசின் புராஸ்டேட்டில் இருக்கும் ஆல்ஃபா-1ஏ வகையை அதிகம் தேடிப் போகிறது, அதனால் எல்லா ஆல்ஃபா-1 வகையையும் அடைக்கும் பிரசோசின் அளவுக்கு அழுத்தத்தை இறக்குவதில்லை. அளவுக்கு என்பதுதான் முக்கியம். தேடிப் போவது என்றால் மற்றதைத் தொடவே தொடாது என்று அர்த்தமில்லை. மாமாவுக்கு இதைச் சொல்லி முடித்தபோதுதான் எனக்கே புரிந்தது.

அதற்குப் பிறகு கவுன்டரைத் தாண்டிய ஒவ்வொரு மருந்துக்கும் பில் தாளில் ஒரு வரி:

சால்புடமால் இன்ஹேலர்: கை நடுங்குகிறது, ஏனென்றால் எலும்புத்தசையிலும் பீட்டா-2. பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுவதும் அதுவே.
டிமோலால் கண் சொட்டு: ஆஸ்துமா உண்டா என்று கேள். கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு வந்து ரத்தத்தில் கலக்கும்.
சைலோமெட்டசோலின் மூக்குச் சொட்டு: நாள்கணக்கில் விட்டால் அடைப்பு திரும்பி வரும்.
குளோனிடின்: திடீரென நிறுத்தினால் அழுத்தம் எகிறும்.
மிராபெக்ரான்: பீட்டா-3, சிறுநீர்ப்பை தளரும்.
கர்ப்பிணிக்கு: லேபிட்டலால், மெத்தில்டோபா.

வியர்வையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். என் பாட்டிக்குச் சர்க்கரை, கைநடுக்கத்துக்குப் புரோபிரனலாலும் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் சர்க்கரை இறங்கிவிட்டது. படபடப்பு இல்லை, நடுக்கம் இல்லை, ஆனால் ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. வெயில் என்று நினைத்து விசிறிக்கொண்டிருந்தோம். படபடப்பும் நடுக்கமும் பீட்டா வழியாக வருபவை, அதனால் மறைந்துவிட்டன. வியர்வைச் சுரப்பிக்குப் போவது சிம்பதெடிக் (ஆபத்து நேரத்தில் உடம்பை முடுக்கும்) நரம்புதான், ஆனால் அது விடுவது நார்அட்ரினலின் அல்ல, அசிடைல்கோலின், வாங்கிக்கொள்வது மஸ்காரினிக் ரிசெப்டார். பீட்டா பிளாக்கர் அதைத் தொடாது. இதை வீட்டில் கண்ணால் பார்த்தவள் போன முறை மறந்தேன். யாராவது இதைப் படித்து மறக்காமல் இருந்தால் எனக்குப் போதும். தேர்வுக்கு மட்டும் சொல்லவில்லை.

மெடிசினல் கெமிஸ்ட்ரி (மருந்து மூலக்கூறின் அமைப்பும் வேலையும்) வேகமாக:

நைட்ரஜனில் இருக்கும் தொகுதி பெரிதாகப் பெரிதாக பீட்டா பக்கம் சாயும். நார்அட்ரினலினில் ஒன்றுமில்லை, அட்ரினலினில் மெத்தில், ஐசோபிரனலினில் ஐசோபுரோபைல், சால்புடமாலில் டெர்ட்-பியூட்டைல்.
கேட்டகால் (அடுத்தடுத்து இரண்டு ஓஎச் உள்ள வளையம்) இல்லையென்றால் காம்ட் என்சைம் சிதைக்க முடியாது. ஆல்ஃபா கார்பனில் மெத்தில் இருந்தால் எம்ஏஓ என்ற இன்னொரு என்சைம் சிதைக்க முடியாது. எஃபெட்ரினில் இரண்டு வசதியும் உண்டு, அதனால் வாய்வழி கொடுக்கலாம்.
ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான ஆர், எஸ் வடிவங்களில், அட்ரினலினில் ஆர் வடிவம் வீரியமானது, புரோபிரனலாலில் எஸ். இடையில் வந்த ஆக்சிஜனால் பெயரிடும் வரிசைதான் மாறுகிறது, வெளியில் அமைந்திருக்கும் விதம் ஒன்றே.
அட்டெனலால், மெட்டோபுரோலால்: வளையத்தில் பாரா இடத்தில் தொகுதி, பீட்டா-1 சாய்வு.
ஆங்கில எழுத்தில் "ஓலால்" (-olol) என்று முடியாமல் லேபிட்டலால், கார்வெடிலால் என்று வந்தால் ஆல்ஃபாவும் அடைபடும். சோட்டலால் விதிவிலக்கு, அதன் தனிக்குணம் பொட்டாசியம் சேனலில்.

இதில் முதல் வரியில் இருக்கும் வரிசையைத்தான், பிறகு வந்த சால்புடமால் நீங்கலாக, 1948-இல் அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் திசுக்களில் பார்த்தார். சில இடங்களில் ஐசோபிரனலின் எல்லாவற்றையும் விடப் பலம், சில இடங்களில் கடைசி. ஒரே ரிசெப்டாராக இருந்தால் இப்படி வராது என்று ஆல்ஃபா, பீட்டா எனப் பிரித்தார். முதலில் அனுப்பிய இதழ் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. அந்தப் பிரிவை நம்பித்தான் ஜேம்ஸ் பிளாக் புரோபிரனலாலை உருவாக்கி 1988-இல் நோபல் வாங்கினார். பீட்டா-2 புரதத்தின் வடிவம் கண்ணுக்குத் தெரிந்தது 2007-இல். இந்த வகை ரிசெப்டார்களின் ஆய்வுக்காக லெஃப்கோவிட்ஸும் கோபில்காவும் 2012-இல் நோபல் பெற்றார்கள். தேர்வில் இதற்கு ஒரு மதிப்பெண்ணும் வராமல் போகலாம். முதல் முறை தோற்று உட்கார்ந்திருந்தபோது, திரும்பி வந்த அந்தக் கட்டுரையைப் பற்றிப் படித்துத்தான் மறுபடி புத்தகத்தைத் திறந்தேன்.

ஜி புரதங்களை (ரிசெப்டாரின் செய்தியைச் செல்லுக்குள் கடத்துபவை) மட்டும் அட்டவணையாகவே படியுங்கள், அங்கே வரைய ஒன்றுமில்லை. ஆல்ஃபா-1 ஜிக்யூ, ஆல்ஃபா-2 ஜிஐ, பீட்டா மூன்றும் ஜிஎஸ். ஐந்து நிமிஷ வேலை.

கடைசி வாரம் புதிதாக எதையும் தொடவில்லை. விடியற்காலை நான்கு கோடு, பிறகு பழைய தப்புகளின் நோட்டு. இரவு படிப்பு எனக்கு ஆகாது, ஒன்பதரைக்குப் படுத்துவிடுவேன்.

தேர்வு மையம் ஒயிட்ஃபீல்டு பக்கம். அல்சூரில் மெட்ரோ ஏறி இறங்கும் வரை புத்தகம் எடுக்கவில்லை. உள்ளே போனதும் கொடுத்த ரஃப் தாளில், முதல் கேள்வியைத் திறந்தவுடன், ஒரு நிமிஷத்தில் நான்கு கோட்டையும் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மூன்று மணி நேரத்தில் அதை மூன்று முறை பார்த்தேன். வெளியே வரும்போது தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.