கட்டி முடித்த பிறகு தொடங்கும் வேலை

கோயம்புத்தூர் காந்திபுரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இயங்கும் ஆறு பேர் கொண்ட இணையதள நிறுவனத்தில் நான் 2013 முதல் வேலை செய்து வருகிறேன். பம்புசெட், வெட் கிரைண்டர், நூற்பாலை உதிரிபாகம், நகைப்பட்டறை, பள்ளிக்கூடம் என எங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவர்கள். என்ன வேலை என்று உறவினர்கள் கேட்டால், வெப்சைட் செய்து கொடுக்கிறோம் என்று சொல்வேன். இப்போது யோசித்துப் பார்த்தால் அது பாதிப் பதில்தான். ஒரு தளத்தைச் செய்து கொடுக்க ஆறு வாரம் போதும். கொடுத்த தளம் நாள் தவறாமல் இயங்கும்படி பார்த்துக்கொள்வது ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை. எங்கள் நாளின் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது, ஆனால் முதல் சந்திப்பில் அதைப் பற்றிக் கேட்கும் வாடிக்கையாளரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

காலை ஒன்பதரைக்கு அலுவலகம் திறந்ததும் நாங்கள் செய்யும் முதல் காரியம், பராமரிப்பில் உள்ள தளங்கள் ஒவ்வொன்றிலும் இருக்கும் என்குயரி படிவத்தை நாங்களே நிரப்பி அனுப்பிப் பார்ப்பதாகும். இந்தப் பழக்கம் எங்கள் தவறு ஒன்றிலிருந்து வந்தது. உதிரிபாகம் செய்யும் ஒருவருடைய தளத்தில் சர்வரை மாற்றியபோது மின்னஞ்சல் அமைப்பைச் சரிபார்க்காமல் விட்டுவிட்டோம். படிவத்தை நிரப்பியவர்களுக்கு 'நன்றி, விரைவில் தொடர்பு கொள்கிறோம்' என்ற செய்தி தெரிந்தது. அவர்கள் எழுதியது மட்டும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. மூன்று வாரம் கழித்து அவர் தொலைபேசியில் அழைத்து, "ஏங்க, இந்த மாசம் ஒருத்தருமே விலை கேக்கலீங்களே" என்று சொன்னபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அவர் கோபப்படவில்லை, அதுவே எனக்கு அதிக வேதனையாக இருந்தது. சர்வரில் தேங்கிக் கிடந்த படிவங்களைத் தேடி எடுத்து, ஒவ்வொருவரையும் நாங்களே அழைத்து மன்னிப்புக் கேட்டோம். சிலர் அதற்குள் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்கள்.

தளம் என்பது கட்டடத்தைப் போல அசையாமல் நிற்கும் பொருள் அன்று. அது நிற்கும் தரை வெளியில் இருந்து மாற்றப்பட்டுக்கொண்டே இருக்கிறது, அந்த மாற்றங்களின் தேதிகளை நாங்கள் தீர்மானிப்பதில்லை. 2015 ஏப்ரல் 21 அன்று கைபேசிக்கு ஏற்ற பக்கங்களுக்குத் தேடலில் முன்னுரிமை தரும் மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தபோது, மேசைக் கணினிக்காக மட்டும் வடிவமைத்த தளங்களையெல்லாம் நாங்கள் மறுபடி எழுத வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு, ஈரோட்டு மஞ்சள் வியாபாரியும் பொள்ளாச்சித் தோட்டக்காரரும் கைபேசியிலேயே எல்லாவற்றையும் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த மறுவேலைக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று எங்களிடம் கேட்டவர்களுக்கு அப்போது காரணம் விளங்கியது. 2018 ஜூலையில் குரோம் பிரவுசர், பூட்டு (https) இல்லாத தளங்கள் அனைத்தையும் பாதுகாப்பற்றவை என்று முகவரிப் பட்டையில் குறிக்கத் தொடங்கியது. தளங்களில் அசையும் படங்களைக் காட்டப் பயன்பட்ட ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. 2023 ஜூலை 1 முதல் தளத்துக்கு வருபவர்களைக் கணக்கிடும் பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் புதிய தரவுகளை வாங்குவதை நிறுத்தியது. இது இன்னும் தொடர்கிறது: அந்தப் பூட்டுக்கு ஆதாரமான பாதுகாப்புச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027-இல் 100 நாள், 2029-இல் 47 நாள் என்று படிப்படியாகக் குறைப்பது என முடிவாகியிருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கையால் சான்றிதழ் மாற்றும் பழக்கம் உள்ளவர்கள் இப்போதே தானியங்கிப் புதுப்பிப்புக்கு மாறிக்கொள்வது நல்லது.

இவை எல்லோருக்கும் பொதுவானவை. எங்களைப் போலத் தமிழில் தளம் செய்பவர்களுக்கு வேறொரு வேலை அடுக்கு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

முதல் சிக்கல் வாடிக்கையாளர் தரும் கோப்பிலேயே தொடங்கும். அச்சகத்தில் செய்த பழைய விளம்பரத் தாளைக் கொடுத்து, இதில் உள்ளதை அப்படியே போடுங்கள் என்பார்கள். கோப்பு பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். நகலெடுத்து ஒட்டினால் தமிழ் வராது. ஆங்கில எழுத்துகளும், புள்ளி வைத்த எழுத்துகள் வர வேண்டிய இடங்களில் அரைப்புள்ளிகளுமாக ஒரு குவியல் வரும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் நிறைய இருக்கின்றன, ஆனால் மாற்றியதோடு வேலை முடிவதில்லை. பழைய முறையில் தட்டச்சு செய்தவர்கள் 'ர' வர வேண்டிய இடத்தில் துணைக்கால் போட்டிருப்பார்கள். 'கௌரி' என்பதைக் 'கெ', 'ள', 'ரி' என்று மூன்று எழுத்தாக அடித்திருப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும், கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். ஆகவே மாற்றிய பக்கம் ஒவ்வொன்றையும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் திரையில் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

இதில் எங்களை ஒரு முழு நாள் திணறடித்தது 'ஸ்ரீ' என்ற ஒற்றை எழுத்து. கொங்கு நாட்டில் நிறுவனப் பெயர் ஸ்ரீயில் தொடங்குவது சாதாரணம். அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தின் தளத்தில், தேடல் பெட்டியில் அவர்களுடைய பெயரையே அடித்தால் 'எதுவும் கிடைக்கவில்லை' என்று வந்தது. பெயர் பக்கத்தில் கண்ணெதிரே இருந்தது. எழுத்துகளுக்குக் கணினி வைத்திருக்கும் குறியீட்டு எண்களைப் பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஸ்ரீ, 'ஸ'-வில் தொடங்கி எழுதப்பட்டது. வாடிக்கையாளரின் கைபேசி விசைப்பலகை தந்த ஸ்ரீயோ, 2005-இல் யூனிகோட் 4.1 பதிப்பில் சேர்ந்த 'ஶ'-வில் தொடங்கியது. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவத்தில் காட்டுவதால் நாங்கள் எத்தனை முறை உற்றுப் பார்த்தும் பயனில்லை. தேடும் சொல்லையும் தளத்தில் உள்ள சொல்லையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடும் சிறு நிரல் ஒன்றை எழுதினோம். அது இருபது வரிகூட இராது. இன்று எங்கள் தமிழ்த் தளங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது, நான் எழுதியவற்றுள் எனக்கு அதிக மனநிறைவு தந்ததும் அதுவே.

வடிவமைப்பிலும் இதே கதைதான். ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த வார்ப்புருக்களில் வரி உயரம் 1.2 மடங்கு என்று இருக்கும். தமிழைப் போட்டால் 'கீ'யின் மேற்சுழியும் முந்தைய வரியில் உள்ள 'கு'வின் கீழ்வளைவும் ஒன்றோடொன்று முட்டும். குறைந்தது 1.6 என்று வைத்தால்தான் வயதானவர்கள் சிரமமில்லாமல் படிக்க முடிகிறது. சொற்கள் நீளமாக இருப்பதால், சிறிய கைபேசித் திரையில் பொத்தான்கள் உடைந்து இரண்டு வரியாகும். ஒரு கிரைண்டர் நிறுவனத்துக்குப் பொத்தானில் 'இப்போதே விசாரிக்கவும்' என்று போட்டிருந்தோம். உரிமையாளரின் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "விசாரணைக்குப் போலீஸ்தானுங்க கூப்புடுவாங்க, நம்மகிட்ட வர்றவங்க விலைதான கேப்பாங்க" என்றார். அன்றே 'விலை கேட்க' என்று மாற்றினோம். சொல்லும் சரியாக இருந்தது, ஒரே வரியிலும் அடங்கியது.

பக்க முகவரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்த் தலைப்பையே முகவரியாக வைத்தால், ஒவ்வொரு குறியீட்டு எண்ணும் மூன்று பைட்டாகி, பிறகு விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ் அந்தப் பகுதிக்கு ஒதுக்கும் இடம் 200 எழுத்து மட்டுமே, அதாவது 22 குறியீட்டு எண்களுக்கு மேல் போனால் தலைப்பு நடுவிலேயே அறுந்துவிடும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால், நான்கு சொல் தலைப்பே அந்த எல்லையைத் தாண்டிவிடும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் அரைத் திரைக்கு எண்களும் குறிகளுமாக ஓடும் இணைப்பை வாடிக்கையாளர்கள் ஏதோ வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். மனமில்லாமல்தான் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைக்கிறோம்.

கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வந்துள்ள பெரிய மாற்றம் செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்து ஓராண்டுக்குள், வாடிக்கையாளர்கள் தளத்துக்கான உரையை அதில் எழுதி எடுத்து வரத் தொடங்கினார்கள். நாங்களும் நிரல் எழுதும்போது அதைப் பயன்படுத்துகிறோம், நேரம் மிச்சமாவது உண்மை. ஆனால் பொருள் விவரத்தில் அதை நம்பி விடுவது ஆபத்து. ஒரு பம்புசெட் பக்கத்துக்கு வந்த உரையில், அந்த மோட்டாரில் இல்லாத பாதுகாப்பு வசதி ஒன்று அழகான நடையில் எழுதப்பட்டிருந்தது. எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பழைய விளம்பரத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்ததால் அது தளத்தில் ஏறாமல் தப்பியது. அதைப் படித்து ஒரு விவசாயி கடன் வாங்கி மோட்டார் இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் எனக்குப் பதைக்கிறது. அன்று முதல், தளத்தில் ஏறும் எண் ஒவ்வொன்றையும் வாடிக்கையாளரின் பட்டறையில் இருக்கும் ஃபோர்மேனிடம் கேட்டு உறுதி செய்யாமல் நாங்கள் வெளியிடுவதில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாதி அட்வான்ஸ் வந்துவிடும், கடைசிப் பகுதி மாதக்கணக்கில் நிற்கும். ஆனால் 18 விழுக்காடு ஜிஎஸ்டியை, பணம் கைக்கு வந்தாலும் வராவிட்டாலும், பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம்தான் எங்கள் ஆறு பேரின் சம்பளத்தை நிலையாக வைத்திருக்கிறது.

அந்தப் பராமரிப்புக்கென்று நீளமான கணக்கு நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். கணினியிலும் எல்லாம் உண்டு, ஆனாலும் நோட்டை விடவில்லை. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: டொமைன் (தளத்தின் முகவரி) யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது, பேக்கப்பை எப்போது மீட்டுப் பார்த்தோம். டொமைன் வாடிக்கையாளரின் பெயரில்தான் இருக்க வேண்டும் என்பதில் எங்கள் அண்ணன், அதாவது நிறுவனர், மிகவும் கண்டிப்பானவர். முன்பு வேறொருவர் தன் சொந்த மின்னஞ்சலில் பதிந்து கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட, முகவரி காலாவதியான நிலையில் ஒரு கிரைண்டர் உற்பத்தியாளர் எங்களிடம் வந்தார். .காம் முகவரி நீக்கப்பட்ட பிறகு மீட்பதற்கு 30 நாள் உண்டு, அதற்குப் பின் ஐந்து நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அவருடைய அட்டைப்பெட்டிகள் அனைத்திலும் அந்த முகவரி அச்சாகியிருந்தது. மீட்புக் காலத்தின் கடைசி வாரத்தில், கூடுதல் கட்டணம் கட்டித் திரும்பப் பெற்றுக் கொடுத்தோம்.

போன மாதம், 2014 முதல் எங்களோடு இருந்த ஒரு வாடிக்கையாளர் காலமானார். காரியம் முடிந்த பிறகு அவருடைய மகன் வந்தார். "அப்பா இதப் பத்தியெல்லாம் எங்கிட்டச் சொன்னதே இல்லீங்கண்ணா, எங்க போயி யாரைக் கேக்கறதுன்னே தெரியலீங்க" என்றார். நோட்டை எடுத்து அவர்கள் பக்கத்தைக் காட்டினேன். ஒவ்வோர் ஆண்டுப் புதுப்பிப்புக்கும் எதிரே அவருடைய அப்பா பச்சை மையில் தமிழில் போட்ட கையெழுத்து இருந்தது. மகன் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். டொமைனையும், தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடமான ஹோஸ்டிங்கையும் அவர் பெயருக்கு மாற்றுவதற்கான விவரங்களை எழுதிக்கொண்டேன். முகப்பில் இருக்கும் அப்பாவின் படம் அப்படியே இருக்கட்டும் என்றார். தொடர்பு எண்ணை மட்டும் அன்று மாலையே மாற்றிக் கொடுத்தோம்.