மூடியைத் திறந்து பார்ப்பேன்

"நின்னதும் இறங்கிப் போய் டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பேன் தம்பி. முள்ளை நம்ப முடியாது இல்லையா, பெட்ரோல் இருக்கான்னு பார்த்துக்குவேன். அப்புறம் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு ஸ்டார்ட் பண்ணினா ஓடும்."

ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும் காரை என் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுவந்த முதல் நாளே அந்தப் பெரியவர் சொன்னது இது. என் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான்.

கார்புரேட்டர் வண்டி, அரை மணி நேரம் ஓடினால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்றால் என் கை தானாகவே இக்னிஷன் காயில், அதாவது பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் கொடுக்கும் சுருள், பக்கம் போகும். சூடேறும்போது உள்ளே சுற்று விட்டுப்போகும், ஆறியதும் ஒட்டிக்கொள்ளும். ஆறிய நிலையில் மீட்டர் வைத்தால் நல்ல பிள்ளை மாதிரி 3 ஓமை ஒட்டிக் காட்டும். இதுவும் அப்படித்தான் காட்டியது. அளவு சரியாக இருந்ததையே சந்தேகத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் விசித்திரமாக இருக்கிறது. ஆனால் அன்று அது அனுபவம் மாதிரி தோன்றியது.

ஒன்றுமே கேட்காமல் மாற்றிவிடவில்லை. "சட்டுன்னு நிக்குதா, திக்கித் திணறி நிக்குதா சார்?" என்று கேட்டேன். சாவியை அணைத்ததுபோல் நின்றால் கரண்ட் பக்கம், இழுத்து இழுத்து உயிர் போனால் பெட்ரோல் பக்கம் என்பது பொதுவான கணக்கு. "நின்னுடுது தம்பி" என்றார். அந்தச் 'சட்டுன்னு' என்னும் சொல்லை அவர் சொல்லவே இல்லை. நான்தான் சேர்த்துக்கொண்டேன்.

புதுக் காயில் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. "நம்பி எடுத்துட்டுப் போகலாமா?" என்றார். "தைரியமா போங்க சார்."

இரண்டாம் நாள் இரவு போன் வந்தது. குடும்பத்தோடு போகும்போது, ஒரு லாரியை முந்தப் போன இடத்தில் வண்டி நின்றிருக்கிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர், "திரும்பவும் நின்னுடுச்சு தம்பி, காலையில கொண்டு வரேன்" என்று மட்டும் சொன்னார்.

காலையில் நீளமாக ஓட்டிப் பார்க்கலாம் என்று பெட்ரோல் ஊற்ற மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. அந்தக் கணத்தில்தான் அவருடைய முதல் வாக்கியம் காதில் விழுந்தது, சில நாள் தாமதமாக. மூடியில் காற்று போகும் துளை அடைத்திருந்தது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவில்லை, டேங்குக்குள் வெற்றிடம் ஏறிக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் பம்பால் இழுக்க முடியவில்லை. அவர் இறங்கி மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வண்டியைச் சரிசெய்துகொண்டுதான் இருந்திருக்கிறார். ஆறியதால் ஓடவில்லை, திறந்ததால் ஓடியிருக்கிறது.

நான் ஓட்டியபோது ஏன் நிற்கவில்லை? டேங்க் கிட்டத்தட்ட காலி. உள்ளே காற்றுக்கு நிறைய இடம் இருந்தால் அதே அளவு பெட்ரோல் குறைந்தாலும் அழுத்தம் மெதுவாகத்தான் இறங்கும். அவரோ பயணம் என்றால் நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவார். இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதுதான் உறுத்துகிறது. "யார் ஓட்டிப் பார்த்திருந்தாலும் அன்று தெரிந்திருக்காது" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கிறது.

புது மூடி போட்டதும் அவர் சிரித்தார். "இவ்வளவு சின்ன விஷயத்தை எப்படிப்பா கண்டுபிடிச்சே?" நீங்கதானே சார் சொன்னீங்க என்று வாயில் வந்தது. "பார்த்துப் பார்த்துப் பழக்கம் சார்" என்று சொல்லிவிட்டேன். மூடிக்குக் காசு வாங்கவில்லை. காயிலுக்கு வாங்கியதைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை.

அதற்குப் பிறகு, வருகிறவர்கள் சொல்வதை இடையில் வெட்டாமல் கேட்கிறேன். அதனால் வேலை திருந்திவிட்டதா என்றால் அதுவும் இல்லை. சமீபத்தில் ஒருவர், மைத்துனர் ஓட்டினால் மட்டும் வண்டி நிற்பதாக அரை மணி நேரம் விளக்கினார். முழுசாகக் கேட்டு, மைத்துனரையும் வரவழைத்து ஓட்ட வைத்தேன். கடைசியில் பேட்டரி எர்த் ஒயர் லூசாக இருந்தது. பேசாமல் பானெட்டைத் திறந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. 'தைரியமா போங்க' என்று சொல்வதையும் விட்டுவிட்டேன். "ஓட்டிப் பாருங்க, ஏதாவதுன்னா சொல்லுங்க" என்கிறேன். அதைக் கேட்டதும் சிலர் முகம் மாறுகிறது. இரண்டு பேர் வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஒருவேளை காயிலும் பழுதாகத்தான் இருந்திருக்கும். பழைய வண்டியில் ஒரே நேரத்தில் இரண்டு கோளாறு இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. கழற்றிய காயில் இன்னும் டூல்ஸ் பெட்டியில்தான் கிடக்கிறது. சூடுபடுத்தி மீட்டர் வைத்தால் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். ஸ்பேனர் எடுக்கும்போதெல்லாம் அதைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.