பட்டினச்சேரியில் மாப்பிள்ளைப் பெருமாள்

பெருமாளைச் சேவிக்க நூற்றெட்டுத் திருப்பதி இருக்கிறது, ஆனால் அவரை "மாப்ளே" என்று வாய் நிறையக் கூப்பிடுவதைக் கேட்க வேண்டுமானால் மாசி மகத்தன்று திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரையில் இருக்கும் மீனவர் ஊரான பட்டினச்சேரிக்குத்தான் போக வேண்டும் என்று அம்மா வருஷா வருஷம் சொல்வார். சின்ன வயதில் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தது அவருக்கு. ஒவ்வொரு மாசியிலும் ஏதாவது ஒரு வேலை வந்து தட்டிப்போகும். இந்த முறை வருவது வரட்டும் என்று கிளம்பிவிட்டோம்.

மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் போகும் ரயிலில் நன்னிலத்தில் இறங்கி, அங்கிருந்து திருக்கண்ணபுரம். பட்டினச்சேரிக்கு மாப்பிள்ளையாகப் போகும் பெருமாளின் ஊர் இதுதான். சம்பா அறுவடை முடிந்த வயல்களில் தாள் மட்டும் நின்றது. சில இடங்களில் உளுந்து முளைத்திருந்தது. கோவிலுக்கு எதிரே நித்திய புஷ்கரணி, தெப்பக்குளம் என்று சொல்ல மனம் வராத அளவுக்குப் பெரியது. அதன் படியில் உட்கார்ந்தால் காற்று ஒரு பக்கம் நெல் வாசனையோடும் இன்னொரு பக்கம் லேசான உப்போடும் வருகிற மாதிரி எனக்குத் தோன்றியது. கடல் தொலைவில்தான் இருக்கிறது. மறுநாள் நினைப்பு முன்னாலேயே வந்துவிட்டதோ என்னவோ.

மூலவர் நீலமேகப் பெருமாள், உற்சவர் சௌரிராஜர். குலசேகராழ்வார் ராமனுக்குத் தாலாட்டுப் பாடியது இந்தக் கண்ணபுரத்துப் பெருமாளைப் பார்த்துத்தான். சௌரி என்ற பெயருக்குச் சொல்லும் கதை தெரிந்ததுதான்: பெருமாளின் பூமாலையில் முடி இருந்ததைக் கண்டு அரசன் கோபிக்க, பெருமாளுக்கே சௌரி முடி உண்டு என்று அர்ச்சகர் பயத்தில் சொல்லிவிட, அடியவர் சொல் பொய்யாகக் கூடாதென்று பெருமாள் முடி வளர்த்துக்கொண்டார். அமாவாசை தோறும் விபீஷணனுக்கு நடையழகு காட்டுபவரும் இவரே. அம்மாவுக்கு இந்தக் கதைகளைவிட முக்கியமானது ராத்திரி முனியதரையன் பொங்கல். வரிப் பணத்தையெல்லாம் பெருமாள் கைங்கரியத்துக்குச் செலவழித்துச் சிறைக்குப் போன தலைவன், விடுதலையாகி வீடு வந்த நள்ளிரவில், கோவில் நடை சாத்திவிட்டதால் வீட்டுப் பொங்கலை மனதாலேயே நிவேதனம் செய்தானாம். விடிந்து பார்த்தால் கருவறை முழுக்கப் பொங்கல் வாசம். இன்றைக்கும் இரவு பூஜைக்கு அந்தப் பொங்கல்தான். அன்றிரவு தொன்னையில் ஒரு பிடி கிடைத்தது. குழைந்த அரிசி, பாசிப்பருப்பு, விரலிடுக்கில் வழிகிற நெய். அதைத் தின்றுவிட்டுக் கை கழுவ மனசு வரவில்லை, அம்மாவும் கழுவவில்லை.

இந்தப் பெருமாளுக்கு ஸ்ரீதேவி, பூதேவி, ஆண்டாளோடு நான்காவதாக ஒரு நாச்சியார் உண்டு, பத்மினித் தாயார். மீனவர் தலைவன் ஒருவனின் மகள். பெருமாள் அவளை மணந்துகொண்டார், அதனால் கடற்கரைக்காரர்கள் மாமனார் வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். மாசி மகத்துக்கு அவர் திருமலைராயன்பட்டினம் போவது தீர்த்தவாரிக்கு. ஆனால் அந்த ஊர்க்காரரைக் கேட்டால் மாமனார் வீட்டுக்கு வருகிறார் என்பார். நமக்குப் புராணம், அவர்களுக்கு உறவு.

மறுநாள் காலை திருமருகல் வழியாகப் போனோம். நடுவில் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி மாநிலத்தின் காரைக்கால் பகுதி தொடங்குகிறது. 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த பூமி. எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு அரசாங்கம் இருந்த காலத்திலும் மாமனார் வீடு மாமனார் வீடுதானே என்றார் அம்மா. திருமலைராயன்பட்டினம் என்றதும் படித்தவர்களுக்குக் காளமேகப் புலவரின் நினைவு வரும். மண்மாரி பொழியட்டும் என்று அவர் இந்த ஊரைச் சபித்ததாகக் கதை. அன்றைக்கு அங்கே பொழிந்ததென்னவோ பூ.

தெருவெல்லாம் சாணம் தெளித்துக் கோலம். நாலு வீட்டுக்கு ஒரு பந்தல், பந்தலுக்கு ஒரு அண்டாவில் நீர்மோர் அல்லது பானகம். மோரில் கறிவேப்பிலையைக் கையால் கசக்கிப் போட்டிருந்தார்கள், அந்த வாசனைக்கே இன்னொரு டம்ளர் வாங்கலாம். புளியோதரை, சுண்டல், எல்லாம் வற்புறுத்திக் கொடுக்கிறார்கள். வேண்டாமென்றால் முகம் வாடிவிடுகிறது. படகுகள் வரிசையாகக் கரையேறி இருந்தன. அன்று யாரும் கடலுக்குப் போகவில்லை, எந்த வீட்டிலும் மீன் வாசமும் இல்லை.

ஒரு வீட்டுத் திண்ணையில் எங்களுக்கு இடம் கொடுத்தவர் எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பாட்டி. மடியில் ஒரு தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மல்லிகைச் சரம், மடித்த பட்டுத் துண்டு. பழத்தில் கறுத்திருந்த ஒன்றை மட்டும் சீப்பிலிருந்து பிய்த்து எடுத்துப் பேரனிடம் கொடுத்தார். அப்புறம் முந்தானையால் மற்ற பழங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"சாமிக்கா பாட்டி?" என்றேன்.

"மாப்பிள்ளைக்கு தம்பி. வெயில்ல அம்மாந்தூரம் வர்றாருல்ல" என்றார்.

அந்தப் பதிலில் பக்தி, பரிதாபம், பெருமை எல்லாம் ஒன்றாக இருந்தன. நான் இத்தனை வருஷம் கோவில்களுக்குப் போய் எனக்கு அது வேண்டும், இது வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அவருக்கு வெயில் சுடுமே என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

சரி, வேட்டுச் சத்தம் கேட்டது. தெருமுனையில் சப்பரம் திரும்பியதும் பையன்கள் ஓடினார்கள். பெருமாளைப் பட்டினச்சேரி மீனவர்கள் தோளுக்கு வாங்கிக்கொள்கிறார்கள். சப்பரத்தின் கால்களில் நெற்கதிர்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டியிருந்தார்கள். கடல்காரர்கள் வயலின் விளைச்சலைக் கட்டி மருமகனை வரவேற்கிறார்கள், மருமகன் நெல் விளையும் ஊர்க்காரர் அல்லவா. ஒவ்வொரு குலுக்கலுக்கும் நாலு நெல்மணி உதிர்ந்தது. தண்டு தூக்கியவர்களில் ஒருவரை மிக அருகில் பார்த்தேன். வருஷக்கணக்கில் வலைக்கயிறு இழுத்துக் காய்ப்பேறிய கை, தண்டை அணைத்திருந்த விதம் மட்டும் குழந்தையைப் பிடித்தது போல. "மாப்ளே! மாப்ளே!" என்று நூற்றுக்கணக்கான குரல்கள். கோவிந்தா என்ற முழக்கத்தில் கை தானாகக் குவியும். இந்தக் கூப்பாட்டில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மா கை கூப்பவே மறந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு "மாப்ளே" என்று சன்னமாகச் சொன்னார். அறுபது வருஷத்துக்கு அப்புறம்.

கடற்கரையில் நிரவி கரியமாணிக்கப் பெருமாள், காரைக்கால் நித்தியகல்யாணப் பெருமாள் எனச் சுற்றுப்பக்கத்துப் பெருமாள்களும் எழுந்தருளியிருந்தார்கள். சக்கரத்தாழ்வார் கடலில் இறங்கியதும் ஜனம் மொத்தமும் அலைக்குள் போனது. ஒரு ஓரத்தில் முன்னோருக்குத் தர்ப்பணம், அதன் பக்கத்திலேயே குழந்தைகள் அலையோடு விளையாட்டு. 2004 டிசம்பர் 26 அன்று காரைக்கால் கரையோரக் கிராமங்களுக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோன அதே கடல்தான். இருந்தும் அதில் இறங்கும்போது இவர்கள் முதலில் குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். நானும் அப்படியே செய்தேன்.

நம் கரையோரம் முழுக்க மாசி மகத்துக்கு இந்த மாதிரி உறவுக்கதைகள் உண்டு. ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகர் தீர்த்தவாரிக்குக் கிள்ளை போகும்போது அங்கே தர்காவில் இஸ்லாமியர்கள் வரவேற்று மரியாதை செய்கிறார்கள். காரைக்காலிலேயே ஆனி பௌர்ணமிக்கு, காரைக்கால் அம்மையார் நினைவாக, மாடியிலிருந்து மாங்கனி இறைப்பார்கள். அதற்கும் அம்மாவை ஒருமுறை கூட்டிப்போக வேண்டும்.

மதியம் கிளம்பப் பார்த்தோம், பாட்டி விடவில்லை. "மாப்பிள்ளை வந்த வூட்டுல சாப்புடாமப் போவக் கூடாதுக்கா" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இலையில் சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், வடை, சேமியா பாயசம். இருந்து நாளைக்குக் குழம்பு சாப்பிட்டுப் போங்கள், வஞ்சிரம் வந்தால் உங்களுக்குத்தான் என்று மருமகள் சொன்னார். அம்மா பாயசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார், வீட்டில் அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பெருமாள் திரும்பும் நேரம் வாசலில் எல்லோரும் நின்றோம். காலையில் ஓடிய கால்கள் இப்போது மெதுவாக நடந்தன. சப்பரத்துக் கதிர்கள் பாதி உதிர்ந்து வைக்கோலாகத் தொங்கின. பாட்டி ஆரத்தி காட்டினார். கற்பூரம் அணைந்த பிறகும் தட்டைக் கீழே இறக்காமல், பக்கத்து வீட்டில் கேட்கிற அளவு குரலில் சொன்னார்:

"போய்ட்டு வாங்க மாப்ளே. பொண்ணைப் பாத்துக்கங்க."