கோடிக்கரையிலிருந்து திரும்பியவர்

திருகோணமலைப் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றி வீட்டில் முதலில் ஊட்டுவது பயத்தைத்தான். துறைமுகம் அடி காணாத ஆழம், கோணேசர் மலைக்குக் கீழே சுழி இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே அம்மம்மா எங்களைக் கரையோடு நிறுத்தி வைத்திருந்தார். அந்தப் பயத்தைத் தெளியவைத்தவர் எங்கள் விஞ்ஞான சேர்.

அவர் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். கச்சான் காற்றுக் காலத்தில் பாடசாலை விட்டதும் எங்களில் ஏழெட்டுப் பேரை டச்சுக்குடாக் கடலுக்குக் கூட்டிப் போவார். முதல் இரண்டு கிழமையும் மிதக்க மட்டும்தான் விடுவார். ஆழத்துக்குப் போகத் தயங்கினால், "தலைக்கு மேலே வெள்ளம், சாண் போனால் என்ன முழம் போனால் என்ன, வா தம்பி" என்பார். நொந்துபோனவர்கள் சொல்லும் பழமொழியை அவர் வாயிலிருந்து கேட்டால் தைரியம் வரும்.

களைத்துப்போய் மணலில் கிடக்கும்போதுதான் ஆனந்தனின் கதை தொடங்கும். ஊர் அவரை ஆழிக்குமரன் என்று அழைத்தது. வல்வெட்டித்துறையில் பிறந்தவர், தொழிலால் சட்டத்தரணி. பாக்கு நீரிணையை அவருக்கு முதலே, 1954இல், தொண்டைமானாற்று நவரத்தினசாமி நீந்திக் கடந்திருந்தார். சேர் அவரையும் மரியாதையோடுதான் சொல்வார். ஆனால் 1971இல் ஆனந்தன் செய்தது வேறு கதை. வல்வெட்டித்துறையில் இறங்கி, இந்தியாவின் கோடிக்கரையைத் தொட்டு, அங்கிருந்து திரும்பவும் ஊருக்கே நீந்தி வந்தார். போக வர 51 மணி நேரம்! அன்று சனத்தோடு சனமாகக் கரையில் நின்றவர் எங்கள் சேர். "போனதைவிட அங்கே நின்று திரும்பினாரே, அதை யோசியுங்கோடா. கால் தரையில் பட்ட பிறகு மறுபடியும் கடலுக்குள் இறங்க என்ன மனம் வேணும்?" என்று கேட்பார். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்காது.

ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றது போன்ற அவருடைய மற்றச் சாதனைகளையும் சேர் சொல்வார். எனக்கு அவை அவ்வளவாக ஒட்டவில்லை. எனக்கு அவர் எப்போதும் கடலில்தான் இருந்தார்.

1984 ஆகஸ்ட் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் அவர் உயிர் போனது. 41 வயது. செய்தி வந்தபோது எங்களுக்கு விடுமுறை. லொஸ் ஏஞ்சலிஸில் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அந்த விளையாட்டுச் செய்திகளுக்குள்ளே இதுவும் வந்துவிடுமோ என்று நான் நினைத்திருக்கவே இல்லை.

விடுமுறை முடிந்த முதல் நாள் சேர் புத்தகத்தைத் திறக்கவில்லை. மீன் சந்தையிலிருந்து ஒரு பாறை ஐஸ் வாங்கிவந்து, உடைத்து, பெரிய சருவத்துத் தண்ணீரில் போட்டார். ஒவ்வொருவராக முழங்கைவரை கையை அமிழ்த்தச் சொன்னார். சில நிமிடம் கழித்து, "இப்ப சேட்டுப் பொத்தானைப் பூட்டு" என்றார். என் விரல்கள் எனக்குச் சொந்தமில்லாதவை போல நின்றன. பொத்தான் கண் முன்னால் இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது, இரண்டையும் சேர்க்க முடியவில்லை. தண்ணீர் உடம்பின் சூட்டைக் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக இழுத்துவிடும் என்று அதன் பிறகுதான் விளக்கினார். கால்வாய் ஐஸ் தண்ணீர் அல்லத்தான். ஆனால் மணிக்கணக்காக அதற்குள் கிடக்க வேண்டும். பக்கத்தில் படகு வரும், சாப்பாடு நீட்டுவார்கள், நீந்துபவரை யாரும் தொடக் கூடாது. தொட்டால் அந்த முயற்சி அத்தோடு சரி. இதைச் சொல்லும்போது சேர் எங்களைப் பார்க்காமல் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வல்வெட்டித்துறையில் இப்போது ஆனந்தன் பெயரில் நீச்சல் தடாகம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும் நம்மவர்கள் ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். 51 மணி நேரம் என்றால் என்ன என்று அங்கே வைத்துச் சொல்லுங்கள்.

நான் லண்டனுக்கு வந்து பல வருடம் ஆங்கிலக் கால்வாய்க் கரையில் இருக்கும் டோவர் பக்கம் போகவில்லை. மனம் வரவில்லை. அப்புறம் ஒரு ஆகஸ்ட் மாதம் மகளோடு போனேன். நல்ல வெயில். கரையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் கூழாங்கற்களில் முழந்தாளிட்டு இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டேன். மகள் பின்னால் நின்று, "அப்பா, காணும், எழும்புங்கோ" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து எழும்பி, சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டிப் பார்த்தேன்.