பரண்மேல் கிடந்த கெட்டித் துப்பாக்கியை ஒப்படைத்த வகை

தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து வீடுகளில் கெட்டித் துப்பாக்கிக்கு, அதாவது குழல் வாய்வழியே வெடிமருந்து கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கிக்கு, எமன் உப்புக்காற்றுதான். சில வருஷம் எண்ணெய் காட்டாமல் பரணில் போட்டால் குதிரை (விசையை இழுத்ததும் அடிக்கும் சுத்தியல்) இறுகி, குழல் பொரிந்துவிடும். "சுடாத துப்பாக்கிக்கு லைசென்ஸ் எதற்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். சறுக்கல் அங்கேதான்.

1959 ஆயுதச் சட்டத்தின் 45(சி) பிரிவு விலக்குத் தருவது உண்மை. ஆனால் பழைய மாதிரியோ, பழம்பொருளோ, பழுதானதோ எதுவானாலும், பழுது பார்த்தால்கூடச் சுட முடியாததாக இருக்க வேண்டும் என்கிறது வாசகம். இறுகிய குதிரையைப் பட்டறையில் சரிசெய்துவிடலாம். எனவே துரு மட்டும் விலக்கு வாங்கித் தராது. 2019 திருத்தத்துக்குப் பின் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 வருஷம் வரை சிறை.

கீழக்கரை சபுராளிகள் (வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்கள்) சிலர் லண்டன் சான்றிதழை நம்புகிறார்கள். அங்கே 1988 சட்டப்படி செயலிழக்கச் செய்து, லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைக்கூட முத்திரை பெற்ற துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 ஏப்ரல் முதல் பொது அளவுகோல் உண்டு. அமெரிக்காவில் ரிசீவர் என்ற உடற்பகுதியே சட்டப்படி துப்பாக்கி, குழலை மட்டும் அடைத்துப் பயனில்லை. நம் 45(சி)யிலோ வெளிநாட்டு முத்திரை பற்றி ஒரு சொல் கிடையாது. பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறுவது வம்பை விலைக்கு வாங்குவது.

லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் முதல் வேலை, துப்பாக்கி கெட்டித்திருக்கிறதா என்று பார்ப்பது. பழைய மருந்து வருஷக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, பக்கவாட்டில் நின்று, மரக்குச்சியை மெல்ல விட்டு அது நிற்கிற இடத்தில் கோடு போடுங்கள். குழலுக்கு வெளியே வைத்து அளந்தால் அடிவரை எட்ட வேண்டும். இரண்டு மூன்று விரற்கடை குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. குத்தி எடுக்கப் பார்க்காதீர்கள், ஸ்டேஷனில் அதையும் சொல்லிவிடுங்கள்.

துருவை எமரித் தாளால் தேய்க்க வேண்டாம், துப்பாக்கியில் பொறித்த எண் போய்விடும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சாக்பீஸ் தடவினால் எண் எழும்பும். லைசென்ஸ் புத்தகத்தைக் கரையான் தின்றிருந்தால், தேர்தல் சமயம் ஸ்டேஷனில் ஒப்படைத்த பழைய ரசீதைத் தேடுங்கள். அதில் எண் இருக்கும்.

21ஆம் பிரிவுப்படி தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். தோளில் மாட்டிப் பஸ் ஏறாமல், முதலில் எழுத்து மூலம் தெரிவித்து, அவர்கள் சொல்கிறபடி கொண்டுபோங்கள். பிறகு இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீசில் மனு. ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். கெடுவுக்குள் லைசென்ஸோ விற்பனையோ முடியாவிட்டால் அரசு பறிமுதல் செய்யலாம்.

ரசீதில் "பழைய துப்பாக்கி 1" என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். எண், குழல் நீளம், கட்டையில் உள்ள விரிசல்வரை எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். பத்துப் பதினைந்து கெட்டித் துப்பாக்கிகள் சார்த்தியிருக்கிற அறையில் உங்களுடையதை வேறெப்படிக் காட்டுவீர்கள்?