மனச்சோர்வா, பதற்றமா? செய்முறைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

மனநல மருத்துவச் செய்முறைத் தேர்வில் மனச்சோர்வு நோயாளி கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று மாணவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. பதற்றம் என்றாலும் அப்படித்தான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 நூலுக்காக நடந்த களச் சோதனைகளில், ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்து ஒரே முடிவுக்கு வருகிறார்களா என்று அளந்தார்கள். கப்பா என்னும் அந்த ஒப்புமை அளவு பெரும் மனச்சோர்வுக்கு 0.28, பொதுப் பதற்றக் கோளாறுக்கு 0.20. முழு ஒப்புமை என்றால் 1. பயிற்சி பெற்ற மருத்துவர்களே இவ்வளவு வேறுபடும் இடத்தில், இது சுலபமான கேள்வி என்று எண்ணி உள்ளே போவது ஆபத்து.

மனப்பாடப் பகுதியை முதலில் முடித்துவிடுங்கள். மனச்சோர்வுக்கு டிஎஸ்எம்-5இல் ஒன்பது அறிகுறிகள். அவற்றில் ஐந்து, இரண்டு வாரங்களுக்கு இருக்க வேண்டும். சோர்ந்த மனநிலை, ஆர்வமின்மை ஆகிய இரண்டில் ஒன்றாவது அந்த ஐந்துக்குள் வர வேண்டும். உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடான ஐசிடி-11இல் நம்பிக்கையின்மையும் சேர்ந்து பத்து. அங்கும் ஐந்து வேண்டும். பழைய ஐசிடி-10இல் களைப்பும் மையமான அறிகுறிகளில் ஒன்று. பாடநூல்களின் பழைய பதிப்புகளைப் படிப்பவர்கள் மூன்றையும் கலந்து சொல்லிவிடுகிறார்கள். எந்த முறைப்படி பேசுகிறோம் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

நான் பட்டியலை அப்படியே படிக்கவில்லை. ஒவ்வோர் அறிகுறிக்கும், படிக்காதவர்க்கும் புரியும்படி ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொண்டேன். 'ஆர்வம் குறைந்திருக்கிறதா?' என்று கேட்டால் பெரும்பாலோர் 'ஆமாம்' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிலால் பயன் இல்லை. 'முன்பெல்லாம் எதைச் செய்தால் மனம் லேசாகும்? கடைசியாக அதை எப்போது செய்தீர்கள்? அப்போது எப்படி இருந்தது?' என்று கேட்டால் விவரம் கிடைக்கும். நோயாளி பெரும்பாலும் உடம்பைப் பற்றித்தான் பேசுவார்: அடித்துப் போட்டாற்போல் வலி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றைப் பிசைவது. அதை இடைமறிக்காதீர்கள். முதல் சில நிமிடங்கள் அவர் போக்கில் பேச விட்டால், நாம் கேட்க நினைத்ததில் பாதி தானாக வந்துவிடும்.

அடுத்தது காலக்கோடு. நான் சொல்ல விரும்புவதில் முக்கியமானது இதுதான். தாளில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, எது எப்போது தொடங்கியது, எப்போது விட்டது என்று குறியுங்கள். அறிகுறிகளை மட்டும் எண்ணினால் மனச்சோர்வும் பதற்றமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நிற்கும். தூக்கக் குறைவு, களைப்பு, கவனச் சிதறல் இரண்டுக்கும் பொது. பிரித்துக் காட்டுவது காலம்தான். பல ஆண்டுகளாகச் சின்னச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டே இருந்தவர், கடந்த இரண்டு மாதங்களாக எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறார் என்றால் இரண்டு நோயறிதல்களுக்கும் இடம் உண்டு. சோர்வு வந்தபோது கவலையும் வந்து, சோர்வு விட்டபோது அதுவும் போய்விட்டது என்றால், அது மனச்சோர்வின் ஒரு முகம். பொதுப் பதற்றக் கோளாறு என்று தனிப்பெயர் தேவையில்லை. அந்தக் கோளாறுக்கு டிஎஸ்எம்-5 ஆறு மாதம் கேட்கிறது, ஐசிடி-11 பல மாதங்கள் என்கிறது. இரண்டும் இருந்தும் எதுவும் தனியாக முழு வடிவம் பெறவில்லை என்றால், ஐசிடி-11இல் கலப்பு மனச்சோர்வு-பதற்றக் கோளாறு இருக்கிறது. டிஎஸ்எம்-5 அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வாய்மொழித் தேர்வில் இதைத் தோண்டுபவர்கள் உண்டு.

அதே கோட்டைப் பின்னோக்கி நீட்டி, மேனியா என்னும் அளவு மீறிய மனஎழுச்சி நிலையைத் தேடுங்கள். 'தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல், வழக்கத்தை மீறிய உற்சாகத்தோடு சில நாட்கள் இருந்ததுண்டா?' நான்கு நாட்கள் என்றால் அதன் மிதமான வடிவமான ஹைப்போமேனியாவை, ஒரு வாரம் என்றால் மேனியாவை நினைக்க வேண்டும். கேட்காமல் விட்டு, சோர்வும் மனஎழுச்சியும் மாறி மாறி வரும் இருதுருவ நோயாளிக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மேனியாவைத் தூண்டிவிடக்கூடும். நோயாளிக்கு அந்த நாட்கள் நல்ல நாட்களாகவே நினைவிருக்கும் என்பதால், உடன் வந்தவரிடமும் கேளுங்கள்.

இழப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2013இல் வந்த டிஎஸ்எம்-5, துக்கத்தில் இருப்பவர்களை மனச்சோர்வு நோயறிதலிலிருந்து ஒதுக்கிவைத்த பழைய விலக்கை நீக்கிவிட்டது. அதனால் அழுகிறவர்களுக்கெல்லாம் மனச்சோர்வு என்று பொருளாகாது. துக்கம் அலை அலையாக வரும், நினைவுகளோடு வரும், நடுவே சிரிப்பும் வரும். தன்னைத்தானே பயனற்றவன் என்று இகழ்வது மனச்சோர்வின் பக்கம் சாயும்.

மதிப்பீட்டுக் கருவிகளை அளவுக்கு மேல் நம்பாதீர்கள். மனச்சோர்வுக்கான வினாத்தாள் பிஎச்க்யூ-9இல் 27க்கு 10, பதற்றத்துக்கான ஜிஏடி-7இல் 21க்கு 10 வந்தால், மேலும் விசாரிக்க வேண்டும் என்று பொருள். நோயறிதல் முடிந்தது என்று பொருள் இல்லை. 1960இல் வெளியான ஹாமில்டன் அளவுகோல், ஏற்கெனவே மனச்சோர்வு என்று கண்டறியப்பட்டவர்களில் தீவிரத்தை அளக்க வந்தது. அதை வைத்து நோயைக் கண்டறிந்ததாகச் சொன்னால் தேர்வாளரின் புருவம் உயரும். உடல்நோயோடு மருத்துவமனையில் இருப்பவருக்கு எதைத் தேர்வீர்கள் என்று கேட்டால், களைப்பு, பசியின்மை போன்ற உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் தவிர்த்து அமைக்கப்பட்ட எச்ஏடிஎஸ் என்னும் பதற்றம்-மனச்சோர்வு வினாத்தாள் நல்ல பதில்.

தற்கொலை எண்ணத்தைக் கடைசி நிமிடத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். கேட்பதால் எண்ணம் விதைக்கப்படும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. 'வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா?' என்பதில் தொடங்கி, சாக வேண்டும் என்ற நினைப்பு, திட்டம், அதற்கான வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, இதுவரை தடுத்து நிறுத்தியது எது என்று படிப்படியாக இறங்குங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் நோயாளி அதிகம் மனம் திறப்பது அங்கேதான்.

உடல் காரணங்களில் தைராய்டு, ரத்தசோகை, ஸ்டீராய்டு, மது ஆகியவை போதும். அட்ரினல் சுரப்பிக் கட்டியான ஃபியோகுரோமோசைட்டோமா அரிது, கேட்டால் மட்டும் சொல்லுங்கள். மதுவை எவ்வளவு என்று மட்டுமல்ல, நிறுத்தியபோது என்ன ஆனது என்றும் கேட்க வேண்டும். விடுபடும்போது வரும் நடுக்கமும் வியர்வையும் பதற்றக் கோளாறைப் போலவே தோன்றும்.

வழக்கமாக வரும் குறுக்குக் கேள்வி ஒன்று: 'தைராய்டு குறைவு என்று அறிக்கை வந்துவிட்டது. உங்கள் மனச்சோர்வு நோயறிதலை மாற்றுவீர்களா?' உடனே ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். குறைவு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். பிறகு காலக்கோட்டுக்குப் போய், இதற்கு முன்பும் இப்படிச் சோர்வு வந்து போனதா, அப்போது தைராய்டு எப்படி இருந்தது என்று கேளுங்கள். தைராய்டுக்குச் சிகிச்சை தொடங்கலாம். ஆனால் தற்கொலை எண்ணத்தோடு இருப்பவரை, அது சரியாகும் வரை வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்ல மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.