சித்தாளின் ஆடி மாதம்

15.7.2024, திங்கள்

காலை 7 மணிக்கே மதுரை ஒத்தக்கடை டீக்கடை முன்னால் நாற்பது பேர் நின்றோம். எட்டரைக்குள் வண்டியில் ஏற்றினால் உண்டு, இல்லையென்றால் தூக்குவாளியோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். இன்று எனக்கு வேலை கிடைத்தது. இங்கே கொத்தனாருக்கு 1,100, அவருக்குக் கைகொடுக்கும் நிமிந்தாளுக்கு 850, கல்லும் சாந்தும் சுமக்கும் சித்தாளுக்கு 600. வேலைக்கு வந்து 18 வருடமாகிறது, நான் இன்னும் சித்தாள்தான். சின்ன ஆள் என்றுதானே அந்தச் சொல்லுக்கே அர்த்தம்!

இன்று முழுக்கச் செங்கல் ஏற்றினேன். ஒரு கல் 3 கிலோ வரும். சும்மாடு வைத்து, தலைக்குப் பத்துக் கல்லோடு இரண்டாம் மாடி.

17.7.2024, புதன்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு யாரும் புது வீட்டுக்கு வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்ட மாட்டார்கள். ஏற்கெனவே ஆரம்பித்த வீடுகளில் மட்டும் வேலை நடக்கும். இன்று வேலை இல்லை.

அத்தை நூறு நாள் வேலைக்குப் போகிறார். அதில் இந்த வருடம் அறிவித்த கூலி 319 ரூபாய். நம் கூலி பெரிதாகத் தெரியும். ஆடியிலும், ஐப்பசி கார்த்திகை மழையிலும், மார்கழியிலும் வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாட்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் நிலவரம் புரியும்.

24.7.2024, புதன்

டீக்கடையில் சத்தம். வடக்கத்திப் பையன்கள் வந்து பிழைப்பைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் கத்தினார். எனக்கு அது ஒப்பவில்லை. பெரிய கட்டடங்களில் பீகார், ஒடிசாப் பிள்ளைகளைத் தகரக் கொட்டகையில் தங்கவைத்து, ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்குகிறார்கள். அந்தப் பிள்ளைகளா நம் கூலியைக் குறைத்தார்கள்?

கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டையை இந்த மாதம் புதுப்பிக்க வேண்டும். கட்டடம் கட்டுகிறவர்களிடம் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வசூலித்துத்தான் நல வாரியம் நமக்கு உதவி தருகிறது. வேலையிடத்தில் விபத்தில் இறந்தால் 5 லட்சம், 60 வயதானால் ஓய்வூதியம். கூட வரும் பெண்களில் பாதிப் பேரிடம் அட்டையே இல்லை. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

3.8.2024, சனி

ஆடிப்பெருக்கு. வேலை இருந்தது, போனேன்.

இந்த வீட்டுக் கொத்தனார் நான்கு வருடம் முன்னால் பெரியாளாக, அதாவது ஆண் கையாளாக, வந்த பையன். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஐந்து என்ற கலவை எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் எவ்வளவு பிடிக்கும் என்று காட்டிக் கொடுத்ததே நான்தான். அவன் நிமிந்தாளானான், கரண்டி பிடித்தான், கொத்தனாராகிவிட்டான். நல்ல பிள்ளை, அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஆனால் அவனிடம் கரண்டியைக் கொடுத்த மேஸ்திரிக்கு என்னிடம் கொடுக்கத் தோன்றவே இல்லை.

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் என்ன, வேலைக்குப் பேரை மாற்றிவிட்டால் போதுமே. நிமிந்தாள் வேறு, சித்தாள் வேறு.

13.8.2024, செவ்வாய்

இன்று நிமிந்தாள் வரவில்லை. “அக்கா, பாத்ரூம் சுவரை நீங்க பூசிப் பாருங்க, டைல்ஸ் மறைச்சிரும்” என்றான் கொத்தனார் தம்பி.

சுவரை நன்றாக நனைத்தேன். ஆங்காங்கே சாந்துப் புள்ளி வைத்து, தூக்குக் குண்டு பிடித்துப் பூச்சின் கனம் பார்த்தேன். முதலில் வீசிய சாந்து பாதி கீழே விழுந்தது. மணிக்கட்டைச் சுண்டி வீச வேண்டும் என்று கைக்குப் புரிய அரை மணி நேரமாயிற்று. அப்புறம் ஒட்ட ஆரம்பித்தது. மட்டப்பலகையால் இழுத்துவிட்டு, டைல்ஸ் பிடிக்கட்டும் என்று சொரசொரப்பாகவே விட்டேன். மாலைக்குள் ஒரு சுவர் முடிந்தது. சாந்து அரித்து விரலிடுக்கெல்லாம் எரிகிறது. தூக்கம்தான் வரவில்லை, அத்தனை சந்தோஷம்.

17.8.2024, சனி

ஆவணி ஒன்று. டைல்ஸ்காரர் வந்து நான்கு சுவரிலும் மட்டம் பார்த்தார். அதில் ஒன்று கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கிறதாம். அது என் சுவர் இல்லை.

சாயங்காலம் சம்பளம் 3,000. வியாழன் சுதந்திர தினம், வேலையில்லை, அதனால் ஐந்து நாள் கூலி. பூசிய நாளுக்கும் மேஸ்திரி 600தான் போட்டிருந்தார். “அன்னைக்கு நிமிந்தாள் வேலை பார்த்தேன் அண்ணே, 850 போடுங்க” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். தலையைச் சொறிந்தார். “அடுத்த வேலையில பார்ப்போம்மா.”

அடுத்த வேலை நரசிங்கத்தில். திங்கட்கிழமை வானம் தோண்டுகிறார்கள். பூச்சு வேலை வர எப்படியும் நான்கு மாதமாகும்.